கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்குப் பெல் காண்டோ ஓபரா: எதில் தொடங்குவது?

பொங்கோல்வாசி:

வணக்கம். ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் இத்தாலிய ஓபரா அறிமுக வகுப்பு நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான்கு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் 90 நிமிடம். சுமார் 20 பேர் வருவார்கள். பாதிப் பேர் உயர்நிலை இரண்டு, மூன்றில் படிக்கும் பிள்ளைகள், மீதி அவர்களுடைய பெற்றோர். பெரும்பாலோர் வாய்ப்பாட்டிலோ வயலினிலோ கீர்த்தனை வரை வந்தவர்கள். குரலழகை முன்வைக்கும் பெல் காண்டோ பாணியின் ரோஸினி, டோனிசெட்டி, பெல்லினி மூவரோடு நிறுத்திக்கொள்வதாக உத்தேசம்.

முதல் நாள் எதைப் போடுவது? கதையை எவ்வளவு சொல்வது? "ஏன் குரல் இப்படி நடுங்குகிறது?" என்ற கேள்வி கட்டாயம் வரும், அதற்கு என்ன சொல்வது? பாடிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது? டோனிசெட்டியின் லூச்சியா ஓபராவில் நாயகி சித்தம் கலங்கிப் பாடும் பித்துக் காட்சி எல்லாரையும் கட்டிப் போடும் என்பதால் அதிலேயே தொடங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஆறரைக்கட்டை:

லூச்சியாவில் தொடங்க வேண்டாம். அந்தக் காட்சி கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதன் உயிரே நினைவில்தான் இருக்கிறது. முதல் அங்கத்தில் காதலனோடு பாடிய பாட்டின் மெட்டு, மணமகனைக் கொன்றுவிட்டுச் சித்தம் கலங்கி நிற்கும் அவள் காதில் மறுபடி ஒலிக்கிறது. முதல் பாட்டைக் கேட்காதவருக்கு அது வெறும் குழலோசை, கேட்டவருக்கு நெஞ்சு அடைக்கும். மூன்றாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் காதல் பாட்டை முதலில் போட்டு, பத்து நிமிடம் வேறு பேசிவிட்டுப் பித்துக் காட்சிக்குப் போங்கள்.

முதல் நாளுக்கு டோனிசெட்டியின் லெலிசிர் தாமோரே. 1832இல் மிலானில் அரங்கேறிய நகைச்சுவை ஓபரா. கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஏழைப் பையன் நெமோரினோ, வசதியும் படிப்பும் உள்ள அதினாவை விரும்புகிறான். ஊருக்கு வரும் லேகிய வியாபாரி துல்காமாரா ஒரு போத்தல் போர்தோ ஒயினை வசிய மருந்து என்று சொல்லி விற்றுவிடுகிறார். இரண்டாவது போத்தலுக்குக் காசில்லாமல் 20 ஸ்கூதி காசுக்குப் பட்டாளத்தில் பெயர் கொடுக்கிறான். அதற்குள் அவன் மாமா இறந்து சொத்து வந்த செய்தி ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரியாது. பெண்கள் அவனைச் சூழ்ந்துகொள்ள, அதைப் பார்க்கும் அதினாவின் கண்ணில் ஒரு துளி நீர். அவன் அதைக் கவனித்துவிடுகிறான். முதல் நாளைக்கு இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

துல்காமாரா ஊருக்குள் வந்து மருந்தின் பெருமையை அடுக்கும் பாட்டை முதலில் போடுங்கள். பல்வலியிலிருந்து முதுமை வரை எல்லாம் தீரும் என்று சந்தையில் கூவுகிறவரின் வாய்வேகம் மொழி தெரியாமலே புரியும். அடுத்துதான் உன ஃபுர்திவா லக்ரிமா, அந்தக் கண்ணீர்த் துளியைப் பற்றிய பாட்டு.

இதைக் கர்நாடகக் காதுக்குத் திறந்துவிட வழி இருக்கிறது. பாட்டின் ஆதாரம், அதாவது ஷட்ஜம், ஆறரைக் கட்டை (பி ஃபிளாட்). ஹார்ப்பும் தந்திகளும் மெல்லத் தட்ட, பசூன் என்ற மரக்குழல் மெட்டை எடுத்துக் கொடுக்கும். குரல் வருவது நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களில், நடுவே காகலி நிஷாதமும் எட்டிப் பார்க்கும். "அவள் என்னை விரும்புகிறாள்" என்ற வரிக்கு வரும்போது ஆதாரமே ஒன்றரைக் கட்டைக்கு நகர்ந்து சங்கராபரணம் ஆகிவிடுகிறது. அதாவது நடபைரவியின் சாதாரண காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்த கிரகபேதம். இரண்டாம் சரணத்தின் முடிவில் வேறு வேலை நடக்கிறது. அங்கே ஷட்ஜம் ஆறரைக் கட்டையிலேயே நிற்கிறது, காந்தாரம் சாதாரணத்திலிருந்து அந்தரத்துக்கு ஏறிவிடுகிறது. முதல் சரணத்தில் வீடு மாறியது, இரண்டாவதில் அதே வீட்டில் விளக்கு ஏற்றப்படுகிறது. பிள்ளைகள் இதைத் தாங்களே பிடிக்கும்படி விடுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த இடத்தின் சுவை போய்விடும்.

செய்யும் முறை: கைப்பேசித் தம்பூராவை ஆறரையில் வைத்து எல்லாரும் ஒரு நிமிடம் ஸா பிடிக்கட்டும். பிறகு தம்பூராவை அணைத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். அணைக்க மறந்தால் பின்னணியின் கார்டு (ஸ்வரக்கூட்டு) மாறும் ஒவ்வோர் இடத்திலும் தம்பூரா மோதும், பாடகர்மீது அபஸ்வரப் பழி விழும். நான்கைந்து நிமிடப் பாட்டுதான், மூன்று முறை போடலாம். முதல் தடவை சும்மா கேட்க. இரண்டாவது தடவை ஷட்ஜம் நகரும் இடத்தில் கை தூக்க. மூன்றாவது தடவை கையில் தமிழ் மொழிபெயர்ப்போடு.

மேல்மாடம்:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். இரண்டாம் வாரத்துக்கு ரோஸினியைச் சேர்க்கிறேன். 1816இல் ரோமில் அரங்கேறிய செவில் நாவிதன் ஓபராவில் பாஸிலியோ பாடும் லா கலூன்யா. வதந்தி எப்படிப் பரவுகிறது என்பதுதான் பொருள். இளங்காற்றாய்க் காதோரம் தொடங்கி, வாய்க்கு வாய் பருத்து, கடைசியில் பீரங்கியாய் வெடிக்கிறது. இசையும் அதையே செய்கிறது. ஒரு சின்னச் சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் வாத்தியங்களைக் கூட்டி ஒலியைப் பெருக்குவது ரோஸினியின் முத்திரை.

இங்கேதான் ஒலிபெருக்கி காலை வாரும். தொடக்கம் அவ்வளவு மெல்லியது என்பதால் குளிர்சாதன இரைச்சலுக்கு மேல் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டுவோம். மூன்று நிமிடத்தில் பீரங்கி வரும்போது ஸ்பீக்கர் பிளிறும். வகுப்புக்கு முன்பே போய், பீரங்கி வரும் இடத்தைப் போட்டு அது பிளிறாத அளவில் குமிழை வையுங்கள். தொடக்கம் கேட்கவில்லை என்றால் குளிர்சாதனத்தைக் குறையுங்கள், குமிழைத் தொடாதீர்கள். சொப்ரானோ (உச்சப் பெண்குரல்) காதைக் குத்தினால் மேல் அதிர்வெண்களைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். சிறிய புளூடூத் ஸ்பீக்கர் இந்த இசைக்கு ஆகாது.

அந்தக் குத்தலுக்கு ஒரு காரணமும் உண்டு. இவர்கள் ஒலிவாங்கி இல்லாமல் முழு இசைக்குழுவைத் தாண்டிப் பாடப் பழகியவர்கள். பயிற்சி பெற்ற குரலில், குறிப்பாக ஆண் குரல்களில், 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலிவலு திரண்டு நிற்கும். இசைக்குழுவின் வலு பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம். அந்த இடைவெளியில் குரல் தனியாகத் தெரிகிறது, தொண்டையைக் கிழித்துக் கத்துவதால் அல்ல.

நடுக்கம் பற்றி: விநாடிக்குச் சுமார் 5 முதல் 7 முறை, ஸ்வரத்தின் இரு பக்கமும் குரல் அசைகிறது. நம் கமகம் ராகத்துக்குச் சொந்தமானது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் பாடினால் தோடியே இல்லை. இவர்களின் அசைவு குரலுக்குச் சொந்தம், மெட்டுக்கு அல்ல. எந்தப் பாட்டானாலும் ஒரே பாடகரிடம் ஏறக்குறைய அதே வேகத்தில் இருக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் "ஸ்ருதி நிற்கவில்லையே" என்ற மனத்தாங்கல் குறையும். காது அதன் நடுப்புள்ளியைப் பிடிக்கச் சில நாள் ஆகும். பெற்றோருக்குத்தான் இது கடினம், பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. இந்த மூவரின் பெரிய தனிப்பாடல்கள் பல இரண்டு பகுதிகளாக வரும். முதலில் நிதானமான காண்டாபிலே, நடுவே ஏதாவது செய்தி வந்து மனநிலை மாறும், பிறகு வேகமான காபலெட்டா. காபலெட்டாவை இரண்டு முறை பாடுவார்கள். முதல் முறை மெட்டு எழுதியபடி வரும், இரண்டாம் முறை பாடகர் அதை அலங்கரிக்க வேண்டும். சங்கதி போட்டுப் பழகியவர்களுக்கு இதைவிடத் தெரிந்த வாசல் கிடையாது. ஒரே காபலெட்டாவின் இரண்டாம் முறையை மட்டும் மூன்று பாடகிகளிடம் கேட்கவையுங்கள். நாவிதனில் ரோஸினா பாடும் உன வோசே பொகோ ஃபா இதற்குப் பொருத்தம். ஆனால் மேடையில் பிறக்கும் கற்பனை ஸ்வரம் போல இதை எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி, இசைக்குழு நடத்துநரோடு ஒத்திகை பார்த்து வருவது. லூச்சியாவில் குழலும் குரலும் மாறி மாறிப் பாடும் நீண்ட அலங்காரப் பகுதியான கடென்சாகூட டோனிசெட்டி எழுதியதல்ல, அவர் காலத்துக்குப் பின் சேர்ந்தது. 1835இல் அந்தக் காட்சிக்கு அவர் முதலில் நினைத்ததும் குழல் அல்ல, ஈர விரல் பட்டு ஒலிக்கும் கண்ணாடிக் கருவி. அதைக் கொண்டு செய்த பதிவும் கிடைக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் அறை அமைதியாகிவிடும்.

நூலகத்தில் இசைக்குறிப்புகள் கிடைக்கும், முன்கூட்டியே போய் எடுத்துவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு முறையாவது ஒலிவாங்கி இல்லாத குரலை நேரில் கேட்கச் செய்யுங்கள். கெண்ட் ரிட்ஜில் யோங் சியூ தோ இசைக் கல்லூரி மாணவர் கச்சேரிகளே போதும், பெரிய அரங்கம் வேண்டுமென்பதில்லை. 20 அடி தூரத்தில் ஒரு டெனர் (உயர் ஆண்குரல்) பாடுவதைக் கேட்ட பிள்ளைக்கு 3,000 ஹெர்ட்ஸ் பற்றி விளக்கவே வேண்டாம்.

தகரம்:

பாட விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆரியா (ஓபராவின் தனிப்பாடல்) எதையும் கொடுக்காதீர்கள். பெல்லினியின் நோர்மா ஓபராவில் வரும் காஸ்தா தீவாவின் உச்சி, ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அதிதார ஷட்ஜத்தையும் தாண்டிச் சாதாரண காந்தாரம். நாம் தார பஞ்சமம் வரை நெஞ்சுக்குரலை இழுத்துக்கொண்டு போகிறோம். அதே குரலில் இதை எட்டப் போனால் தொண்டை இறுகும், மறுநாள் பேச்சே கம்மும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் காலம். அவர்களுக்கு வசதியான ஐந்து ஸ்வரத்துக்குள் நிறுத்துங்கள், 15 நிமிடம் போதும்.

கொடுக்க வேண்டியது இத்தாலியக் குரல்பயிற்சி ஆசிரியர் வாக்காயின் பயிற்சிப் பாடங்கள், முதல் இரண்டு. ஸ்வரவரிசை போலவே படிப்படியாக ஏறும், ஆனால் வெறும் அகாரமாக இல்லாமல் இத்தாலியச் சொற்களோடு. அது பழகியதும் பெல்லினியின் வாகா லூனா. வீச்சு சிறியது, இரண்டு சரணத்துக்கும் ஒரே மெட்டு என்பதால் இரண்டாவதில் அலங்காரம் முயன்று பார்க்கலாம்.

உச்சரிப்பில் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய கொடுப்பினை இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள். இத்தாலியத்தின் த, பல்லில் நாக்கு படும் நம் த. து என்றால் "நீ", அதை ஆங்கில வாயால் டு என்கிறார்கள். தோல்சே என்பதை டோல்சே என்கிறார்கள். டோனிசெட்டி என்று நாம் எழுதும் பெயரிலும் இத்தாலியர் நாவில் டகரம் இல்லை. பள்ளி ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தாத்தா என்று சொல்லும் நாக்கோடு பாடச் சொல்லுங்கள், உடனே சரியாகும். இரட்டை மெய்யும் அப்படித்தான். பெல்லா என்பதில் நம் வெல்லத்தில் நிற்பது போல நாக்கு நின்று விலக வேண்டும்.

ஆனால் பாட்டுவரியைத் தமிழில் எழுதிக் கொடுக்காதீர்கள். பொகோ என்று எழுதினால் நடுவிலுள்ள ககரம் தானாக மெலிந்துவிடும், பொக்கோ என்று எழுதினால் இரட்டித்துவிடும். இரண்டும் பிழை. பிள்ளைகளுக்கு உரோமன் எழுத்து தெரியும், மூலத்தையே கொடுத்து வாயால் சொல்லிக் கொடுங்கள்.

மெஸ்ஸா தி வோசே என்ற பயிற்சியையும் காட்டலாம். ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, நான்கு எண்ணிக்கையில் பெருக்கி, நான்கில் மீண்டும் மெலிய வைப்பது. பெருக்கும்போது ஸ்ருதி மேலே ஏறும், மெலியும்போது கீழே வழியும். அதனால் இதற்கு மட்டும் தம்பூரா ஓடட்டும். தோள் உயர்ந்தால் மூச்சு மேலோட்டமாகப் போகிறது என்று பொருள், நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பொங்கோல்வாசி:

மிக்க நன்றி. நான்காம் வாரம் பெல்லினிக்கு, காஸ்தா தீவாதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே கவலை, பெற்றோர்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடுவார்கள், பாடகி தாளத்தில் இல்லை என்பார்கள்.

ஆறரைக்கட்டை:

போடட்டும், ஆனால் எதற்குப் போடுவது என்று சொல்லிவிடுங்கள். நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் தகிட. தந்திகள் அந்தத் தகிடவை விடாமல் நெய்துகொண்டே போகும், தாளம் அங்கே இருக்கிறது. குரல் அதன்மேல் மிதக்கும், சற்றுப் பிந்தும், ஓடி வந்து சேரும். உச்சியில் கவனியுங்கள். ஆதாரம் நான்கு கட்டை. காந்தாரத்தையே தட்டு விழாத இடங்களில் அழுத்தி அழுத்தி நின்று, பிறகு மத்யமத்தைத் தொட்டு வழிந்து இறங்குகிறது. தொடையில் தட்டிக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்த அழுத்தம் எதிரில் விழுவது முழுதாகத் தெரியும்.

எட்டே வரிப் பாட்டு. முழு மொழிபெயர்ப்பையும் முன்பே வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நாயகி நோர்மா, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் குருமகள். ரோமருக்கு எதிராகப் போர் வேண்டும் என்று கொதிக்கும் மக்களை அடக்க நிலவைப் பார்த்து அமைதி கேட்கிறாள். அவளுக்கு ரோமத் தளபதியோடு இரகசிய உறவும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஆகவே பாட்டை நிலவோடு வெட்டிவிடாமல் பின்வரும் காபலெட்டா வரை ஓடவிடுங்கள். மக்கள் போர்க்குரல் எழுப்ப, அவள் தனக்குள் "திரும்பி வா" என்று காதலனைக் கூப்பிடுவது அங்கேதான். நிலவுப் பாட்டு முடிந்ததும் பதிவிலேயே கைதட்டல் வரும், அங்கே நிறுத்தப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். மரியா கல்லாஸ் 1958 டிசம்பரில் பாரிசில் பாடிய காணொளி யூடியூபில் இருக்கிறது, அதில் வாயசைவும் மூச்செடுக்கும் இடமும் தெளிவாகத் தெரியும்.