டெக்சாஸில் சட்டப்படி ஒட்டிய டின்ட்டுக்குக் கலிஃபோர்னியாவில் டிக்கெட்: வழி சொல்லுங்கள்

புதுக்குடித்தனம்:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் ஆறு வாரங்களுக்கு முன்பு டாலஸ் பக்கத்திலிருந்து ஃப்ரீமாண்டுக்குக் குடிவந்தோம். எங்களிடம் இருப்பது ஒரு செடான் கார். ஊரில் கூலிங் பேப்பர் என்போமே, அந்த ஃபிலிமை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டெக்சாஸில் நான்கு கதவுக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும் ஒட்டினோம். ஃபிலிம் 35 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒட்டி முடித்ததும் கடைக்காரர் கண்ணாடியின் இருபுறமும் கவ்வும் சிறிய மீட்டரை வைத்துக் காட்டினார். 28 என்று வந்தது. டெக்சாஸில் முன்கதவுக் கண்ணாடிக்கு 25 இருந்தாலே போதும் என்பதால் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

சென்ற வாரம் வீட்டருகே காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, முன்கதவுக் கண்ணாடிகள் இருட்டாக இருப்பதாகச் சொல்லி டிக்கெட் எழுதினார். சரிசெய்து காட்டலாம் என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறார். வண்டியில் இன்னும் டெக்சாஸ் நம்பர் பிளேட்தான் இருக்கிறது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், ஒரு மாநிலத்தில் செல்லுபடியானது அடுத்த மாநிலத்தில் குற்றமாகும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

என் கவலை அபராதம் பற்றியதல்ல. என் மனைவிக்கு லூபஸ் நோய் இருக்கிறது. சன்னல் ஓரமாக அரைமணி நேரம் வெயில் பட்டால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சிவந்து தடித்துவிடும். அவருக்காகத்தான் அந்த ஃபிலிமையே ஒட்டினோம். டெக்சாஸ் பதிவு எங்களுக்குப் பாதுகாப்பு தருமா, எல்லாக் கண்ணாடிகளிலும் உரிக்க வேண்டுமா, உரித்தபின் அவரை வெயிலிலிருந்து காப்பதற்குச் சட்டம் என்ன இடம் தருகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சான் ஹோசே வாசி:

வணக்கம் நண்பரே. டெக்சாஸ் பதிவு உங்களுக்குத் துணை வராது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 26708ஆம் பிரிவு, அப்படிப்பட்ட கண்ணாடியோடு வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது; எந்த மாநிலத்தில் பதிந்த வண்டி என்று பார்ப்பதில்லை. அதோடு, இங்கே குடியேறியவர் 20 நாட்களுக்குள் வண்டியை இங்கே பதிந்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் ஏறும் முன்பு அதை முதலில் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் உரித்துவிட வேண்டாம். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள பக்கக் கண்ணாடிகளுக்கு இங்கே கருமை வரம்பு இல்லை. பின்னால் வருவதைக் காட்டும் சைடு மிரர் வண்டியின் இருபக்கமும் இருந்தால் பின்கண்ணாடிக்கும் அப்படியே. சிக்கல் முன்கதவு இரண்டில் மட்டும்தான். முன்பெருங்கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு குறுகிய பட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

சரிசெய்து காட்டும் டிக்கெட் என்பதால், ஃபிலிமை எடுத்த பிறகு ஒரு காவலரிடம் வண்டியைக் காட்டி டிக்கெட்டில் கையெழுத்து வாங்கி, கெடு தேதிக்குள் 25 டாலருடன் நீதிமன்றத்தில் சேர்த்தால் முடிந்தது. சின்ன விஷயம்தானே என்று தேதியைத் தவறவிட்டால் அது தனி வழக்காக வளரும். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடி வேலை பார்த்தவர்:

மேலே சொன்னது முழுவதும் சரி. நான் எட்டு ஆண்டுகள் டின்ட் கடையில் வேலை பார்த்தவன் என்பதால், பலரும் ஏமாறும் ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

அட்டையில் உள்ள எண் ஃபிலிமின் எண் மட்டுமே. கார்க் கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. இரண்டையும் பெருக்கி வருவதுதான் மீட்டரில் தெரியும் எண். உங்கள் 35 விழுக்காட்டு ஃபிலிம் மீட்டரில் 28 காட்டியது என்றால், வெறும் கண்ணாடி 79 அல்லது 80 இருக்க வேண்டும். இது புரிந்தால் கலிஃபோர்னியாவின் கண்டிப்பும் புரியும். இங்கே முன்கதவில் நிறமற்ற, தெளிந்த ஃபிலிமை மட்டும் அனுமதிக்கிறார்கள். அது தனியாக 88 விழுக்காடாவது வெளிச்சம் விட வேண்டும், ஒட்டிய பிறகு கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து 70க்குக் குறையக் கூடாது. "எழுபது ஃபிலிம் ஒட்டுகிறோம், சட்டத்தில் எழுபதுதான் இருக்கிறது" என்று சொல்லும் கடைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள். 79 கண்ணாடியில் 70 ஃபிலிம் ஒட்டினால் 55தான் வரும். 88 ஃபிலிம்கூட 80 கண்ணாடியில் 70.4 என்று மயிரிழையில் தப்பும். 77 கண்ணாடியில் 67.8 ஆகித் தவறிவிடும். ஆகவே பழைய ஃபிலிமை உரித்ததும் வெறும் கண்ணாடியை முதலில் அளக்கச் சொல்லுங்கள். ஃபிலிமைத் தேர்வு செய்வது அதன் பிறகுதான்.

இந்த 70 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வியக்கலாம். கார்க் கண்ணாடிக்கான கூட்டாட்சித் தரம் 205, ஓட்டுநர் பார்வைக்கு வேண்டிய கண்ணாடிகள் 70 விழுக்காடு வெளிச்சமாவது விட வேண்டும் என்கிறது. ஆனால் அது தயாரிப்பாளர்களையும் வணிகமாகக் கண்ணாடி வேலை செய்பவர்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. வண்டியை வாங்கி ஓட்டுபவர் என்ன ஒட்டலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. எஸ்யூவிகளில் பின்பக்கக் கண்ணாடிகள் கருப்பாகவே வருவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அந்த வகை வண்டிகளில் பின்பகுதிக் கண்ணாடிக்கு அந்த 70 பொருந்தாது. கருமையும் ஒட்டியதல்ல, கண்ணாடியிலேயே கலந்தது.

உரிப்பதை நீங்களே செய்வதானால், நீராவியால் ஃபிலிமைச் சூடாக்கி, மேல் மூலையிலிருந்து மெல்ல, ஒரே சீராக இழுங்கள். அவசரப்பட்டால் ஃபிலிம் மட்டும் கிழிந்து வந்து பசை முழுவதும் கண்ணாடியில் தங்கிவிடும், அதைத் தேய்த்து எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். முன்கதவுக் கண்ணாடியில் சோப்பு நீர் தெளித்து பிளேடால் சுரண்டலாம். பின்கண்ணாடியில் மட்டும் பிளேடு வைக்கவே கூடாது, அங்குள்ள மெல்லிய சூடேற்றும் கம்பிகள் அறுந்துவிடும்.

சாக்ரமென்டோ மகள்:

அண்ணா, என் அம்மாவுக்கும் லூபஸ் இருக்கிறது என்பதால் உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. தோலுக்குத் தீங்கு செய்யும் புற ஊதாக் கதிர் வேறு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வேறு. கருப்பாக இருப்பதால் மட்டும் ஒரு ஃபிலிம் தோலைக் காப்பாற்றிவிடாது, நல்ல தெளிந்த ஃபிலிமே புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். முன்பெருங்கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்வது என்பதால் அது பெரும்பகுதியைத் தானே தடுக்கிறது. பெரும்பாலான கார்களில் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் படலம் இல்லை. அண்ணியின் கை சிவப்பது அதனால்தான்.

தெளிந்த ஃபிலிம் ஒட்டிய பிறகு, ஒட்டிய கடையின் பெயரும் முகவரியும் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் உள்ள சான்றிதழைக் கையெழுத்துடன் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். சட்டம் அதைக் கேட்கிறது. வெளிச்சமும் ஆகாது என்று மருத்துவர் சொன்னால், அவர் கையெழுத்திட்ட கடிதத்துடன், கழற்றக்கூடிய நிழல்திரையை முன்கதவுகளில் வைத்துக்கொள்ள இங்கே அனுமதி உண்டு. ஆனால் இருட்டிய பிறகு அதைப் பயன்படுத்தக் கூடாது. அம்மா கடிதத்தை மறந்துவிட்டு ஒருநாள் கிளம்பிவிட்டார், அன்று முழுக்க எனக்குப் படபடப்பு. நீங்கள் ஒரு பிரதியைக் காரில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். டெக்சாஸில் பெற்ற மருத்துவ விலக்கு ஏதும் இருந்தாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

குவீன்ஸ் நண்பர்:

வேறு மாநிலம் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் செடான் காருக்கு முன், பின் பக்கக் கண்ணாடிகள் இரண்டுக்குமே 70 வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் ஆண்டுச் சோதனையிலேயே இதை அளக்கிறார்கள். நியூ ஜெர்சியில் மருத்துவ விலக்கு இல்லாமல் முன்கதவில் டின்ட் ஒட்டவே கூடாது. வீடு மாற்றும் பட்டியலில் கார்க் கண்ணாடியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுக்குடித்தனம்:

பதில் எழுதிய நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை முன்கதவு ஃபிலிம் இரண்டையும் நானே உரித்தேன். வலப்பக்கம் ஒரே தாளாக வந்தது, இடப்பக்கம் பாதியில் கிழிந்து மாலை வரை பசையோடு போராடினேன். வெறும் கண்ணாடி மீட்டரில் 79 வந்தது. 88க்குப் பதிலாக 90 விழுக்காட்டுத் தெளிந்த ஃபிலிமைத் தேர்ந்தெடுத்தோம். ஒட்டிய பின் 71 காட்டியது. காவலரிடம் கையெழுத்து வாங்கி, 25 டாலரும் கட்டியாயிற்று. பதிவுக்கு டிஎம்வி என்னும் வாகனப் பதிவு அலுவலகத்தில் வரும் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது.

தங்கை சொன்னபடி மருத்துவரிடம் கேட்டோம். அவர் கடிதம் கொடுத்துவிட்டார். சுருட்டித் திறக்கும் நிழல்திரையை என் மனைவியின் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். நேற்று வெயிலில் சாக்ரமென்டோ வரை போய் வந்தோம். திரும்பும் வழியில் பொழுது சாய்ந்ததும் அவரே திரையைச் சுருட்டி, சான்றிதழும் கடிதமும் இருக்கும் உறையோடு டேஷ்போர்டு பெட்டியில் வைத்தார். கையில் சிவப்பு இல்லை.