கைக்குழந்தை முதல் எழுபது வயதுவரை உணர்வுப் பிணைப்பை அளக்க ஒரே கேள்வித்தாள் போதுமா?

கேள்வி:
வணக்கம். ஒரு வயதுக் குழந்தைகள், பதின்வயதினர், நடுவயதினர், எழுபதைத் தாண்டியவர்கள் என நான்கு குழுக்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண்களை ஒப்பிடலாமா? குழந்தைக்குப் பதில் தாயே நிரப்பித் தரலாமா?

பதில் 1:
குழந்தைகளைத் தனியே பிரித்துவிடுங்கள். 12–18 மாதத்துக்கு உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் ‘அந்நியச் சூழல்’ முறைதான்: பழக்கமில்லாத அறையில் தாய் சிறிது நேரம் பிரிந்துபோய்த் திரும்பும்போது குழந்தை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது. எட்டுக் கட்டங்கள், முதலாவது நீங்கலாக ஒவ்வொன்றும் சுமார் 3 நிமிடம். தாய் வெளியே போனதும் குழந்தை எவ்வளவு அழுதது என்று எண்ணுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அழுகையில் சுபாவமும் கலந்திருக்கும். தாய் திரும்பி வரும் இரண்டு தருணங்களைப் பாருங்கள்: நெருங்கி வருகிறதா, தூக்கியதும் ஒட்டிக்கொள்கிறதா, முகத்தைத் திருப்புகிறதா, கோபத்தில் தள்ளுகிறதா. நான்கிற்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். வீறிட்டு அழுத குழந்தை, தூக்கியதும் அடங்கி மறுபடி விளையாடப் போனால் அது பாதுகாப்பான பிணைப்பு. தாய் வந்தும் நிமிராமல் பொம்மையையே உருட்டும் குழந்தையைச் சமர்த்து என்று எழுதிவிடாதீர்கள்; அது விலகலாக இருக்கலாம். பிரிவின்போது அழுகை மிஞ்சினால் 3 நிமிடம் ஆகும்வரை காத்திருக்காமல் தாயை உள்ளே அனுப்புங்கள்.

பதில் 2:
ஆய்வகம் இல்லையென்றால் வாட்டர்ஸ், டீன் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய அட்டை முறை இருக்கிறது. குழந்தையின் நடத்தையைச் சொல்லும் வாக்கியம் அட்டைக்கு ஒன்று; திருத்திய பதிப்பில் 90 அட்டைகள். வீட்டில் சில மணி நேரம் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் பொருந்தும் அளவுப்படி அட்டைகளை ஒன்பது அடுக்காக, அடுக்குக்குப் பத்தாக வைக்க வேண்டும். அதைப் பாதுகாப்பான குழந்தைக்கு நிபுணர்கள் வைத்த மாதிரி அடுக்கோடு ஒப்பிட்டு வரும் ஒட்டுறவுக் கெழுதான் (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) மதிப்பெண். அடுக்குபவர் பயிற்சி பெற்ற பார்வையாளராக இருக்கட்டும். தாயே அடுக்கினால் நம்பகம் குறைகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. மற்ற மூன்று குழுக்களுக்கு?

பதில் 3:
இசிஆர்-ஆர்எஸ் (ECR-RS) பொருந்தும்; நெருங்கிய உறவுகளில் பிணைப்பை அளக்கும், அவரவரே நிரப்பும் கேள்வித்தாள் அது. தாய், தந்தை, துணை, நண்பர் என ஒவ்வொரு உறவுக்கும் அதே 9 வாக்கியங்கள். 36 வாக்கியங்கள் கொண்ட இசிஆர்-ஆர் (ECR-R) என்ற இன்னொரு கேள்வித்தாள் காதல் உறவை மையமாக வைத்தது. துணையை இழந்த முதியவர் அதில் திணறிப்போவார். இசிஆர்-ஆர்எஸ்ஸில் 1–6 வாக்கியங்கள் விலகலை (நெருக்கத்தைத் தவிர்ப்பது), 7–9 பதற்றத்தை (கைவிடப்படுவோமோ என்ற கவலை) அளக்கின்றன. முதல் நான்கையும் திருப்பி மதிப்பிட வேண்டும் (7 என்றால் 1). இதை மறந்தால் விலகல் அளவின் ஆல்பா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) சரிந்துவிடும்.

சராசரிகளை ஒப்பிடும் முன் அளவீட்டு மாறாத்தன்மையை, அதாவது கேள்வித்தாள் எல்லாக் குழுக்களிலும் ஒரே விஷயத்தை ஒரே விதமாக அளக்கிறதா என்பதை, சோதியுங்கள். வாக்கியங்களின் வெட்டுத்துண்டுகள் (intercepts: பிணைப்பு ஒரே அளவில் உள்ளவர்கள் வாக்கியத்துக்குத் தரும் அடிப்படை மதிப்பெண்) வரை குழுக்களுக்கிடையே ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வயது வித்தியாசம் போலத் தெரிவது, வாக்கியத்தை அவரவர் புரிந்துகொண்ட வித்தியாசமாகவே இருக்கலாம்.

வயதுவந்தோர் பிணைப்பு நேர்காணல் (பெற்றோருடனான சிறுவயது அனுபவங்களைக் கேட்கும் முறை) ஒன்றையும் சேர்ப்பதாக இருந்தால், அந்த மதிப்பெண்ணை இதோடு கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். தாயைக் குறிக்க ஐந்து சொற்கள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் நினைவில் உள்ள சம்பவத்தைக் கேட்பார்கள். ‘பாசமானவர்’ என்று சொல்லிவிட்டு ஒரு சம்பவம்கூடச் சொல்ல வராவிட்டால் அதுவே தடயம். அங்கே அளக்கப்படுவது பேச்சின் ஒத்திசைவு. கேள்வித்தாள் மதிப்பெண்ணோடு அதற்குள்ள ஒட்டுறவு மிகமிகக் குறைவு.