கருவாட்டுத்தூளை நிறுத்தியபின் கூளம் ஈரமாகிறது: கலவையில் எதை மாற்றலாம்?

வணக்கம். பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை, தீவனம் சொந்த அரவை. 100 கிலோ ஸ்டார்ட்டரில் (குஞ்சுப் பருவத் தீவனம்) இருந்த 6 கிலோ கருவாட்டுத்தூளை முழுதாக எடுத்துவிட்டு சோயாவுக்கு மாறியிருக்கிறோம். தூளில் மணலும் உப்பும் மூட்டைக்கு மூட்டை மாறுகிறது; யூரியா கலப்படத்துக்கும் பயம். இனி அதற்குத் திரும்பும் எண்ணமில்லை.

இப்போதைய கலவை (100 கிலோவுக்கு, கிலோவில்): மக்காச்சோளம் 55, சோயா புண்ணாக்கு 38.5, எண்ணெய் 2.2, டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 1.8, சுண்ணாம்புக்கல் தூள் 1.3, உப்பு 300 கிராம், அமினோ அமிலங்களான மெத்தியோனின் 300 கிராம், லைசின் 200 கிராம், மீதி 400 கிராம் வைட்டமின், தாது கலவை.

எடை குறையவில்லை. ஆனால் எச்சம் தண்ணீராகி, தரையில் பரப்பியிருக்கும் கூளம் கட்டிதட்டுகிறது, பாதத்தில் புண் வருகிறது. தண்ணீர் நிப்பிளில் ஒழுகல் இல்லை, காக்சிடியா (குடல் ஒட்டுண்ணி) மருந்து தீவனத்தில் உண்டு. சோயாவில் பொட்டாசியம் அதிகம், செரிக்காத சர்க்கரைகளும் உண்டு. அதனால் கோழி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறது என்பது என் கணிப்பு. சரியாக வேகாத சோயாவும் இதையே செய்யும் என்பதால் யூரியேஸ் சோதனைக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறோம்.

கேள்வி இதுதான்: உப்பில் ஒரு பங்கைக் குறைத்து சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்) சேர்ப்பவர்கள் டன்னுக்கு எவ்வளவு போடுகிறீர்கள்? சோயாவை 34 கிலோவுக்கு இறக்கி, திரியோனின் என்ற அமினோ அமிலம் சேர்த்து ஓட்டியவர்கள் உண்டா? நெஞ்சுக்கறி குறைந்ததா? அளவோடு சொன்னால் பேருதவி.