தேர்தல் டியூட்டி: ஆள் பிடித்தவர்களும் அகப்பட்டவர்களும்

அல்சூர்க்காரர்

2024 மக்களவைத் தேர்தலுக்கு 10.5 லட்சம் வாக்குச்சாவடிகள், வாக்குப்பதிவுக்கும் பாதுகாப்புக்குமாக 1.5 கோடிப் பேர் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தபோது அந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அந்த ஒன்றரைக் கோடியில் என் மனைவியும் ஒருத்தி என்பது அவள் வேலை பார்க்கும் வங்கிக்கு ஆணை வந்த பிறகுதான் தெரிந்தது. வாக்குச்சாவடியின் தலைமை அலுவலராம். அவளுக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டுவாள். "பெங்களூரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?" என்று நாள்கணக்கில் புலம்பினேன். அவள் போய், வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். டியூட்டி பார்த்தவர்கள், தப்பித்தவர்கள், ஆள் பிடித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்களேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர், ஜெயநகர்

ஆள் பிடித்த கூட்டத்தில் நானும் ஒருவன், ஐயா. தேர்தல் பிரிவில் குப்பை கொட்டியவன்.

தேர்தல் தேதி அறிவிப்பதற்கு வெகு முன்பே, ஊழியர் பட்டியல் கேட்டு அலுவலகம் அலுவலகமாகக் கடிதம் போகும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 159ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி, பல்கலைக்கழகம், அரசு நிறுவனம், அரசு உதவி பெறும் நிறுவனம் எல்லாம் கேட்டால் ஆள் தந்தாக வேண்டும். தருவார்கள். ஆனால் பட்டியலைத் திறந்தால் ஓய்வு பெற்றவர் இருப்பார், ஹூப்ளிக்கு மாற்றலாகிப் போனவர் இருப்பார். காலமானவர் பேருக்கு ஆணை போய், அவருடைய மகன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் உண்டு. அன்றைக்கு நாங்கள் யாரும் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவில்லை. அதே அலுவலகத்தில் மேலாளருக்கு வேண்டியவர்களின் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

அதற்கு மேல் கணினிக் குலுக்கல், மூன்று கட்டமாக. முதலில் யார் யார் என்பது, அடுத்து எந்தச் சட்டமன்றத் தொகுதி, கடைசியில் எந்தச் சாவடி. குடியிருக்கும் தொகுதியிலும் வேலை பார்க்கும் தொகுதியிலும் போடக் கூடாது. ஒரே அலுவலகத்தார் ஒரே குழுவில் சேரக் கூடாது. குழுவில் கன்னட வாக்காளர் பட்டியலை வாசிக்க ஓர் ஆளாவது வேண்டும். இத்தனையும் பார்த்து முடித்து ஆணை போன மறுநாள் காலையில், விலக்கு கேட்டு வாசல் வரை வரிசை நிற்கும்.

ஏப்ரல், மே மாதத்தில் தேர்தல் வைத்தால் முகூர்த்த நாளும் கூடவே வந்துவிடும். ஒருமுறை மூன்று வெவ்வேறு துறைக்காரர்கள் ஒரே கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மணமகன் மூவருக்கும் சொந்தத் தங்கை மகனாம். தாசில்தார் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் மூவரும் அண்ணன் தம்பிகள்தானே?" என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் அப்போதுதான் பார்த்தார்கள். மூவருக்கும் டியூட்டி உறுதியானது.

கடமை தவறினால் அதே சட்டத்தின் 134ஆம் பிரிவில் அபராதம் 500 ரூபாய் வரைதான். அதற்கா பயப்படுவார்கள்? துறை நடவடிக்கை என்ற சொல்தான் ஆளை இழுத்துவரும். என்னைக் கேட்டால் இங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வருகிற ஆளுக்குத்தான் பஞ்சம். மறுபேச்சில்லாமல் வந்தவர் யாரென்று அவருடைய அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும். அடுத்த தேர்தலில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதி அனுப்பும்.

ஸ்ரீராமபுரம் டீச்சர்

சார் சொல்வது எங்களுக்கு அப்படியே பொருந்தும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றும் அதில் விதிவிலக்கு. பிறகென்ன, பயிற்சி வகுப்புக்குப் போனால் பாதி முகம் பழகிய முகமாகவே இருக்கும்.

2024 ஏப்ரல் 25 அன்று, இயந்திரத்தை வாங்கிக்கொண்டு சாவடிக்குக் கிளம்பும் மஸ்டரிங் மையத்தில் எங்கள் குழுவில் ஒருவர் வரவில்லை. மைக்கில் பெயரைக் கூவிக் கூவி ஓய்ந்தார்கள். கடைசியில் உபரிப் பட்டியலில் இருந்த ஒரு தம்பியை அனுப்பினார்கள். ஏதோ அரசுத் தொழிற்சாலையில் லேத் வேலை, சாவடிக்குள் வாக்காளராகத் தவிர நுழைந்ததில்லை. எங்களுக்குக் கிடைத்த பள்ளியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்தக் கோடையில் ஊரே தண்ணீருக்கு அல்லாடியது நினைவிருக்கும். வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். அவர் படுக்கவில்லை. வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, இந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

காலை 5.30க்கு மாதிரி வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் ஏஜென்டுகள் எதிரில் 50 வாக்காவது போட்டு, எண்ணிக் காட்டி, இயந்திரத்தில் பதிவானதை அழித்து, யாருக்கு வாக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரை வைக்க வேண்டும். அது நல்லபடியாக முடிந்தது. மாலை 6 மணிக்கு மேல்தான் வயிற்றில் புளி கரைத்தது. பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணைவிட இயந்திரத்தின் மொத்தம் ஒன்று குறைவு. கணக்குப் பொருந்தாமல், பதிவான வாக்குகளைக் கணக்கெழுதும் 17சி படிவத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? தலைமை அலுவலருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தத் தம்பி நிதானமாகப் பக்கங்களைப் புரட்டி ஓர் ஓரத்தைக் காட்டினார். பென்சிலில் பொடியாக எழுதியிருந்தார்: "தாத்தா, கண்ணாடி எடுக்கப் போனார்." கையெழுத்துப் போட்ட பெரியவர் கண்ணாடியை எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்குப் போனவர், போனவர்தான். நாங்கள் மூவரும் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்கள். எங்களில் ஒருவருக்கும் அது நினைவில்லை.

ஓசூர் தினப்பயணி

எனக்கு வேலை பெங்களூரில், வீடும் வாக்கும் ஓசூரில். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, பெங்களூரில் 26. முந்தைய வாரம் ஓசூரில் வாக்களித்துவிட்டு, அதே விரலோடு இங்கே வந்து மற்றவர்களுக்கு மை வைக்க உட்கார்ந்தேன். 7 மணிக்குக் கதவு திறக்கும்போதே என் விரலில் கறுப்புக் கோடு. ஓர் ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டார். "முதல் வாக்காளரே இன்னும் உள்ளே வரவில்லை, நீங்கள் எங்கே போட்டீர்கள்?" என்று பிடித்துக்கொண்டார். ஓசூர் என்றேன். கர்நாடகத் தேர்தலில் ஓசூர்க்காரருக்கு என்ன வேலை என்று அது வேறு பாதையில் போயிற்று. அடையாள அட்டை, பணி ஆணை, பஸ் பாஸ் எல்லாம் காட்டித்தான் தப்பித்தேன். இரண்டு ஊருக்கும் மை வந்தது மைசூரிலிருந்துதான் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

இயந்திரத்தை ஒப்படைத்து ரசீது வாங்க நள்ளிரவு ஆகிவிட்டது. டிமஸ்டரிங் மைய வாசலோடு அரசாங்கத்தின் அக்கறை முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஓசூருக்கு எப்படிப் போவது என்று யாரிடம் கேட்பது?

ஒயிட்ஃபீல்டு

நான் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். நானாகவே வருகிறேன் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. சம்பளத்தோடு விடுமுறை, சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டது. எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் கூர்க்கில் இருந்தார்கள். இத்தனை பேரைச் சும்மா விட்டுவிட்டு, கைக்குழந்தைக்காரியான டீச்சரைத் தேடிப் பிடிப்பது என்ன நியாயம்?

ஓய்வுபெற்ற எழுத்தர், ஜெயநகர்

தம்பி, 159ஆம் பிரிவின் வலையில் தனியார் ஊழியர் சிக்கமாட்டார். அடுத்த பிரிவான 160ஐப் படித்துப் பாருங்கள். தேர்தலுக்காகக் கட்டடம், வண்டி, படகு, விலங்கு வரை கையகப்படுத்தலாம். உங்கள் காரைக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, உங்களைக் கேட்க இல்லை. மனமிருந்து வருகிறேன் என்றவரைத் திருப்பி அனுப்புவது எனக்கும் உறுத்தும். ஆனால் தவறு நடந்தால் யார் மீது துறை நடவடிக்கை எடுப்பது என்று மேலே கேட்பார்கள். அதற்கு எங்களிடம் பதில் கிடையாது.

அல்சூர்க்காரர்

எல்லோருக்கும் நன்றி. மனைவி ஒன்று கேட்கச் சொல்கிறாள்: ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் 2029இல் விட்டுவிடுவார்களா?

ஓய்வுபெற்ற எழுத்தர், ஜெயநகர்

அவர் கிளையில் பட்டியல் தயாரிப்பவர் யார் என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அப்படியே கன்னடம் வாசிக்கவும் பழகிக்கொள்ளட்டும்.