பழைய போலர் ட்ரெய்லருக்குள் விளக்கு: கூரையில் துளை போடாமல் என்ன செய்யலாம்?

ஏரிக்கரையான் (ஸ்காபரோ)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 1974ஆம் ஆண்டுப் போலர் ட்ரெய்லர் ஒன்று இருக்கிறது. அதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1968இல் கனடாவின் வினிபெக் நகரில் தயாரிக்கத் தொடங்கிய, கார் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கக்கூடிய சிறிய கண்ணாடி இழை வண்டி அது. எங்களுடையது 13 அடி நீளம். மேல் ஓடு, கீழ் ஓடு என இரண்டாக வார்த்து நடுவில் பொருத்தியிருப்பார்கள். உருண்டை முகடு கொண்ட பௌலர் தொப்பியின் சாயல் இருப்பதால்தான் அந்தப் பெயர் வந்தது.

உள்ளே சாப்பாட்டு மேசைக்கு மேல் பழைய விளக்கு ஒன்றே ஒன்று உண்டு. அது இழுத்துச் செல்லும் காரிலிருந்து மின்சாரம் பெறுகிறது. காரைக் கழற்றிவிட்டால் இருட்டுத்தான். சென்ற கோடையில் மூன்று சிறு பற்றரிகள் போடும் வட்ட விளக்குகள் நான்கை வாங்கிக் கூரையில் ஒட்டினேன். யூலை வெக்கையில் பசை இளகி, உட்புற நுரை உறையையும் ஒரு கை அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு அவை ஒவ்வொன்றாக விழுந்தன; ஒன்று நேராகப் பருப்புக் கறிச் சட்டிக்குள் விழுந்தது. எஞ்சியவற்றைக் குளிர்காலம் முழுதும் வண்டிக்குள்ளேயே மறந்துவிட்டதால், வசந்தத்தில் திறந்தபோது பற்றரி அமரும் கம்பிச் சுருள்களில் எல்லாம் வெள்ளைத் தூள் பூத்திருந்தது.

நாங்கள் அல்கோன்குவின் பூங்காவில் மின் இணைப்பு இல்லாத இடங்களில்தான், ஒரு தடவைக்கு மூன்று இரவுகள் தங்குவோம். பழைய விளக்கைக் கழற்றி எறிந்துவிடலாமா? பற்றரி வைப்பதென்றால் எவ்வளவு பெரியது வேண்டும்?

மின்குமிழ் (மொன்றியல்)

தயவுசெய்து அந்த விளக்கை எறிந்துவிடாதீர்கள். கூரையில் ஏற்கெனவே இருக்கும் துளையும் அதற்குள் ஓடும் கம்பியும் உங்களுக்குக் கிடைத்த முதுசம். உள்ளே இருக்கும் குமிழைக் கழற்றி அடியைப் பாருங்கள். 1141 என்று பொறித்திருந்தால் அது ஏறத்தாழ 18 வாற்று உறிஞ்சும். அதே பிடியில் பொருந்தும் எல்.ஈ.டி. குமிழ் 2 அல்லது 3 வாற்றில் அதே அளவு வெளிச்சம் தரும்.

இந்த வேறுபாடுதான் பற்றரியின் அளவைத் தீர்மானிக்கிறது. நீங்கள் இன்னும் இரண்டு விளக்குகள் சேர்த்தாலும், 2 வாற்று விளக்குகள் மூன்று, இரவில் நான்கு மணி நேரம் எரிந்தால் 24 வாற்று மணி. 12 வோல்ற்றில் அது 2 ஆம்பியர் மணி (பற்றரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) மட்டுமே. பழைய குமிழ்கள் மூன்று அதே நேரம் எரிந்திருந்தால் 18 ஆம்பியர் மணி போயிருக்கும். ஆகவே 12 ஆம்பியர் மணி கொண்ட சிறிய லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி உங்கள் மூன்று இரவுகளுக்குத் தாராளமாகப் போதும். ஈய அமிலப் பற்றரியை விரும்பினால், அதைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் ஆயுள் குறையும் என்பதால், 7 ஆம்பியர் மணிப் பற்றரி இரண்டாம் இரவே கையை விரித்துவிடும்.

ஒரு கவனம்: லித்தியம் பற்றரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது, மேமாத நீள்வார இறுதியின் விடியற்காலை உட்பட. பனிக்காலத்தில் அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். குமிழ் வாங்கும்போது 10 முதல் 30 வோல்ற் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து, 2700 கெல்வின் எனும் மஞ்சள் சாயல் நிறத்தில் எடுங்கள். நீலம் கலந்த வெள்ளையான 6000 கெல்வின் போட்டால் வண்டி மீன்கடை போலாகிவிடும்.

தகரவண்டி (மிச்சிகன்)

மேலே சொன்ன கணக்கு சரியானதே. ஆனால் பேட்டரியை இணைக்கும் முன் ஃபியூஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஏழு ஆம்பியர் மணி ஈய பேட்டரிகூட ஷார்ட் ஆனால் சில நொடிகளுக்கு நூறு ஆம்பியரை எளிதில் கடத்தும். ஐம்பது வயதான ஒல்லி ஒயர் அதற்குள் சிவந்து, பக்கத்தில் இருக்கும் நுரை உறையைப் பற்றவைத்துவிடும். விளக்குகளுக்கு மொத்தமே அரை ஆம்பியர்தான் தேவை என்பதால், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

என்னுடையது அலுமினிய உடல் கொண்ட வண்டி. அதில் நெகட்டிவ் உடலின் வழியாகவே திரும்பிவிடும். உங்களுடையது கண்ணாடி இழை என்பதால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி நெகட்டிவ் ஒயர் வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். கார்களில் கறுப்பு பெரும்பாலும் நெகட்டிவ், ட்ரெய்லர்களின் 12 வோல்ட் பகுதியில் பல இடங்களில் வெள்ளைதான் நெகட்டிவ், 120 வோல்ட் பகுதியிலோ கறுப்பில்தான் மின்சாரம் இருக்கும். சில பழைய வண்டிகளில் ஒரே விளக்குக்குள் 12 வோல்ட், 120 வோல்ட் இரண்டும் வரும். வெளி இணைப்பைப் பிடுங்கிவிட்டு விளக்கைத் திறவுங்கள். காரிலிருந்து வரும் ஒயரில் எது பாசிட்டிவ் என்று மீட்டர் வைத்துப் பார்த்தபின் இணையுங்கள். எல்.ஈ.டி.யைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் எரியாது, அவ்வளவுதான்.

மரநிழல் (லண்டன்)

எனக்கு இத்தனை வேலையும் அதிகமாகத் தெரிகிறது. ஆண்டுக்கு நான்கைந்து தடவை போகிறவருக்கு, யூ.எஸ்.பி.யில் மின்னேற்றும் கொளுக்கி விளக்குகள் இரண்டை வாங்கித் திரைச்சீலைக் கம்பியில் மாட்டிவிட்டால் போதும். எங்கள் கரவனில் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. கழிப்பறைக்கு நடக்கும்போது அதையே கையில் எடுத்துச் செல்லலாம்.

ஏரிக்கரையான் (ஸ்காபரோ)

எல்லோருக்கும் நன்றி. நேற்று விளக்கின் கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே பொடிந்துபோன விட்டில்கள் ஒரு கரண்டி அளவு கிடந்தன. குமிழ் அமரும் பித்தளைத் தொடுகை பச்சை பூத்திருந்தது. வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மென்மையான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்ததும் பித்தளை நிறம் வந்தது. இரண்டு கம்பிகள்தான் வருகின்றன, 120 வோல்ற் இல்லை. மீட்டரில் பார்த்தபோது கறுப்புத்தான் நேர்முனை. நிறத்தை நம்பியிருந்தால் தலைகீழாகவே இணைத்திருப்பேன்.

பற்றரியை இருக்கைப் பெட்டிக்குள் வார்ப்பட்டியால் கட்டி வைக்கப் போகிறேன். பழைய கம்பி அலுமாரிக்குள்ளால் அங்குதான் இறங்குகிறது என்பதால் புதிதாகத் துளைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் படுக்கும் பக்கத்துக்குக் கம்பி இழுக்காமல் லண்டன் நண்பர் சொன்ன கொளுக்கி விளக்கையே மாட்டுகிறேன். பிய்ந்த நுரை உறையை ஒட்டுவதற்கு, வெக்கையில் இளகாத பசை எது என்று தெரிந்தவர்கள் தனிப் பதிவில் சொல்லுங்கள்.