மண்டபம் மீன் கம்பெனி + ஐஸ் பிளாண்ட் நெட்வொர்க்: 140 மீட்டருக்குக் கேபிளா, பைபரா?

கேள்வி – தென்கடல்_நெட்

மண்டபத்தில் கடலை ஒட்டின மீன் கம்பெனிக்குப் புதுசா நெட்வொர்க் போடணும். ஆபீஸில் 9 சிஸ்டம், 2 பிரிண்டர். அங்கிருந்து 140 மீட்டரில் ஐஸ் பிளாண்ட், அதை ஒட்டி கோல்டு ஸ்டோரேஜும் தரம் பிரிக்கிற ஷெட்டும். கேட்டில் எடைமேடை, 60 மீட்டர். 16 கேமரா, 3 இடத்தில் வைஃபை.

இப்ப ஆபீஸிலிருந்து பிளாண்ட் வரை கேட்6 (செம்பு நெட்வொர்க் கேபிள்) இழுத்து, நடுவில் போஸ்ட்டில் தகரப் பெட்டிக்குள் ஸ்விட்ச் வச்சிருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு ஸ்விட்ச் போகுது. இடி இடிச்சா ரெண்டு பக்கமும் போர்ட் செத்துடுது. ராத்திரியானா நாலஞ்சு கேமரா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. எதையெல்லாம் மாத்தணும்?

பதில் 1 – கோர்6

பைபர்தான் (ஒளியில் டேட்டா அனுப்புற கண்ணாடி இழைக் கேபிள்) அண்ணே, யோசிக்கவே வேண்டாம். கேட்6-க்கு மொத்தமே 100 மீட்டர்: சுவருக்குள் 90, ரெண்டு முனை பேட்ச் கார்டுக்கு 10. நடுவில் ஸ்விட்ச் வச்சா தூரம் சமாளிக்கலாம், இடியைச் சமாளிக்க முடியாது. ரெண்டு கட்டடத்தின் எர்த்தையும் அந்தச் செம்புக் கம்பி இணைச்சிடுது. பக்கத்தில் இடி விழுந்தா வோல்ட்டேஜ் அதன் வழியாத்தான் ஓடும்.

6 கோர் (உள்ளே ஆறு இழை) சிங்கிள்மோட் பைபர், உள்ளே இரும்புத் தகடு இல்லாத வகையா வாங்குங்க. ஆர்மர்டு (தகடு சுத்தினது) எடுத்தா அந்தத் தகடே மின்னலுக்கு வழி, உப்பில் துருவும் பிடிக்கும். 32 மிமீ எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் 75 செமீ ஆழத்தில் போடுங்க. லாரி ஏறுற இடத்தில் மேலே செங்கல் அடுக்கணும். 200 மீட்டர் வாங்கி, ரெண்டு முனையிலும் 10 மீட்டர் சுருட்டி விடுங்க. பின்னாடி வெட்டுப்பட்டா இழுத்து ஸ்ப்ளைஸ் பண்ண (இழையை ஒட்ட) அதுதான் உதவும்.

ஒற்றைக் கோர் எஸ்எஃப்பி (ஸ்விட்சில் பைபரை மாட்டுற மாட்யூல்) வாங்கினா ஜோடியா வாங்கணும். ஒண்ணு 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-ல் வாங்கும், மற்றது நேரெதிர். ரெண்டு பக்கமும் ஒரே வகை மாட்டிட்டு, லிங்க் லைட் வரலைன்னு பைபரையே மாத்தினவங்க உண்டு.

பதில் 2 – வாடைக்காத்து

பைபர் சரி. உங்க ஸ்விட்சைக் கொல்றது உப்பு. மண்டபத்துக்கு வடகடலும் தென்கடலும் பக்கம். வாடைக் காத்திலும் உப்பு, கச்சான் காத்திலும் உப்பு, வருஷம் முழுக்க ஓய்வில்லை.

பழைய ஸ்விட்சைக் கழட்டி போர்ட்டுக்குள் டார்ச் அடிச்சுப் பாருங்க. பின்னில் பச்சையா பூத்திருக்கும். ஈரமும் உப்பும் இருக்கிற இடத்தில் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே போற) கரண்ட் போனா பிளஸ் பக்கத்துப் பின் கரையும். அதனால வெளியில் ஸ்விட்சே வேண்டாம், எல்லாம் அறைக்குள்.

கேமரா ஜாயிண்ட்டுக்கு ஐபி66 (தூசி, தண்ணி புகாத) பாலிகார்பனேட் பெட்டி. தகரம் வேண்டாம், 304 ஸ்டெயின்லெஸும் இந்தக் காத்தில் புள்ளி விழும். கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாத்தான் நுழையணும். நுழையறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும். ப்ளக்கில் டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் தடவுங்க.

இன்னொண்ணு, இதைப் பலர் கவனிக்கிறதில்லை: உங்க பிளாண்ட் அமோனியாவில் ஓடினா, அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கம்ப்ரசர் ரூமில் ரேக் வைக்காதீங்க, கேபிள் நுழையற வாயில் பித்தளை கிளாண்ட் போடாதீங்க, நைலான் போதும்.

கோல்டு ஸ்டோரேஜில் வயர் நுழையற குழாயின் ரெண்டு வாயையும் சீலன்ட் வச்சு அடைக்கணும். விட்டுட்டா வெளிக்காத்து உள்ளே போய்த் தண்ணியாகி, கேபிள் வழியா கேமராவுக்குள் இறங்கும். வைஃபையும் கவனம்: கோல்டு ஸ்டோரேஜ் சுவரான பஃப் பேனலின் ரெண்டு முகமும் தகடு, சிக்னல் தாண்டாது. ஷெட்டில் வைக்கிற ஏபி (வைஃபை தர்ற பெட்டி) அங்கே எட்டும்னு நம்பாதீங்க, உள்ளே சிக்னல் வேணும்னா உள்ளேயே தனி ஏபி.

பதில் 3 – பேட்ச்பேனல்

ராத்திரி கேமரா போறது பவர் கணக்கு. பகலில் 4–5 வாட் எடுக்கிற கேமரா, இருட்டில் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு) எரிஞ்சா 9–10 வாட் போகும். 60 வாட் மட்டும் தர்ற பிஓஇ ஸ்விட்சில் 8 கேமரா மாட்டினா இருட்டும்போது 80 வாட் கேக்கும், மிச்சம் ரீஸ்டார்ட்தான். டேட்டாஷீட்டில் இருக்கிற உச்ச வாட்டைக் கூட்டி, அதுக்கு மேல் 30 சதவீதம் வச்சு வாங்குங்க.

கேபிளையும் சந்தேகப்படுங்க. கம்பியை பிளேடால் சுரண்டினா உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். வோல்ட்டேஜ் அதிலேயே போயிடும், பன்ச் பண்ணும்போது (சாக்கெட்டில் அழுத்தி மாட்டும்போது) முறியும்.

ரெக்கார்டிங்: 16 கேமரா, ஒண்ணுக்கு 4 எம்பிபிஎஸ்னா மொத்தம் 64. ஒரு நாளைக்குச் சுமார் 690 ஜிபி, 30 நாளைக்கு 21 டிபி பக்கம். 4 டிபி டிஸ்க் ஆறு நாள்கூட வராது. 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினா பாதி.

ஆபீஸ், கேமரா, வைஃபை மூணும் தனித்தனி விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரிச்ச தனி நெட்வொர்க்): ஐபி முகவரி 10.10.10, 10.10.20, 10.10.30-ன்னு ஆரம்பிக்கட்டும். நாலு சிஸ்டம் வச்ச கடைக்கு இது தேவையில்லை, 8 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் போதும். இங்கே கேமராவை பில்லிங்கோட சேர்க்காதீங்க.

எர்த்தையும் பாருங்க. கடலோரத்தில் ஜிஐ பைப் சீக்கிரம் அரிச்சிடும், செம்பு பூசின ராடு போடுங்க. லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்குள் இருக்கணும்.

தென்கடல்_நெட்

நன்றி அண்ணன்மாரே. எடைமேடை 60 மீட்டர்தானே, அதுக்கு மட்டும் கேட்6 போதுமா?

கோர்6

தூரத்துக்குப் போதும், இடிக்குப் போதாது. தனிக் கேபின், திறந்தவெளி, பெரிய இரும்பு மேடை. மின்னல் இறங்க வசதியான இடம். அங்கேயும் 2 கோர் பைபர் போட்டு, ரெண்டு முனையில் மீடியா கன்வெர்ட்டர் (பைபர் ஒளியைச் சாதா நெட்வொர்க் சிக்னலா மாத்துற பெட்டி). எடை இண்டிகேட்டரின் சீரியல் வயரை ஆபீஸ் வரை இழுக்காதீங்க, கேபின் சிஸ்டத்திலேயே மாட்டி எடையை நெட்வொர்க்கில் அனுப்புங்க. கன்வெர்ட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒண்ணு வேணும். கரண்ட் போகும்போது லாரி மேடையில் நிற்கும்.