குகையில் எடுத்த ரெட்டைவால் பூச்சி: கீ-யில் மாட்டிக்கிட்டேன், உதவி தேவை

அணைக்கட்டு_மூன்றாமாண்டு · செவ்வாய் இரவு 9.42

வணக்கம். குகையில எடுத்த பூச்சி ஒண்ணு. வெள்ளையா இருக்கு, கண் இல்ல. பின்னாடி ரெட்டை வால் இருந்துச்சு, இப்ப ஒடஞ்சு போச்சு. டிப்லூரான்னு (மண்ணுல வாழுற, ரெட்டைவால் உள்ள ஆறுகால் உயிரி) நினைக்கிறேன். கீ-யில (இனங்காண உதவுற கேள்விப் பட்டியல்) "ஸ்டைலஸ் வயிற்றின் 1 முதல் 7ஆம் கண்டம் வரையா, 2 முதல் 7 வரையா"ன்னு கேக்குது. ஸ்டைலஸ்னா வயித்தடியில இருக்கிற குட்டி நீட்சி, கண்டம்னா உடம்பு வளையம். நான் பாத்தா 1லயே ஒரு ஜோடி இருக்கு. அந்த வழியில போனா புரோஜபிஜிடேங்கிற குடும்பத்துல போய் நிக்குது, ஆனா படத்தோட ஒத்து வரல. வெள்ளிக்கிழமை ரெக்கார்டு வைக்கணும். கண்ணே இல்லாததால புது குகை இனமா இருக்குமா? யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

காட்பாடி_லென்ஸ் · 9.58

எந்த ஊர்க் குகை? உள்ளே எத்தனை அடியில் எடுத்தீர்கள்? உடம்பு எத்தனை மி.மீ.? உணர்கொம்பையும் வாலையும் சேர்க்காமல், தலையின் முன்விளிம்பிலிருந்து வயிறு முடியும் வரை அளந்து சொல்லுங்கள். எதில் போட்டு வைத்தீர்கள், ஸ்லைடு எப்படிச் செய்தீர்கள், எத்தனை மடங்கில் பார்க்கிறீர்கள், கையில் மொத்தம் எத்தனை உருப்படி? இது தெரியாமல் யாராலும் குடும்பம் சொல்ல முடியாது.

ஆம்பூர்_மண்வளம் · 10.05

எனக்கு டிப்லூரா என்பதிலேயே சந்தேகம். ராமபாணப் பூச்சியின் சொந்தக்காரனாக இருக்கும். அந்த வகையில் நிகோலெட்டியிடே குடும்பத்தில் கண் இல்லாத, வெளுத்த குகைவாசிகள் உண்டு. அதற்கு மூன்று வால். நடுவால் விழுந்தால் ரெட்டைவால்தான் தெரியும். வால் முளைக்கும் இடத்தில் ரெண்டு குழியா, மூணு குழியா என்று பாருங்கள். தாடை உணரி வெளியே நீண்டு தொங்கினாலும், பாதம் பல கணுவாகப் பிரிந்திருந்தாலும் அது டிப்லூரா இல்லை. டிப்லூராவின் பாதம் ஒரே கணு.

பாலாற்று_வண்டு · 10.21

வண்டின் லார்வாவையும் விட்டுவிடாதீர்கள். கருப்புத் தரைவண்டின் லார்வாவுக்குப் பின்னால் ரெண்டு நீட்சி இருக்கும், உடம்பும் இதே வாட்டம். அந்த வடிவ லார்வாவுக்கே கேம்போடியா என்ற டிப்லூரா பேரினத்தை வைத்துத்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவு ஒத்துப்போகும். உணர்கொம்பைப் பார்த்தால் போதும். லார்வாவுக்கு நாலு கணு. டிப்லூராவுக்கு மணிமாலை மாதிரி பெரும்பாலும் இருபதுக்கு மேல் வரும்.

தகடு_37 · 10.40

கீ-யைத் திறப்பதற்கு முன் பாடப்புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டும். கண் உள்ள டிப்லூரா உலகத்தில் எங்குமே கிடையாது. தோட்டத்து மண்ணில் தோண்டி எடுத்தாலும் குருடு, வெள்ளை. கண் இல்லை என்பதை வைத்துக் குகை இனம் என்று கேட்பது, மண்புழுவுக்குக் கால் இல்லையே, புது இனமா என்று கேட்பது போல. முதலில் வாயைப் பாருங்கள். தாடைகள் தலைக்குள் ஒரு பையில் அடங்கி, நுனி மட்டும் தெரிய வேண்டும். அது சரியாக இருந்தால் மேலே வந்த இரண்டு யூகமும் அடிபட்டுப் போகும். வகைப்பாட்டில் அவசரம் கூடாது.

அணைக்கட்டு_மூன்றாமாண்டு · புதன் காலை 7.15

மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். பெரிய குண்டுப்பாறைங்க சாஞ்சு நிக்கிற குகை, 20 அடி உள்ள, ஈரமண்ணுல கல்லுக்கு அடியில. அனுமதி துறை மூலமா வாங்கினது. உடம்பு 3.5 மி.மீ. 100 சதவீத ஆல்கஹால்ல போட்டோம். ஒண்ணை 10 சதவீத கே.ஓ.ஹெச்-ல (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரம்) சுட வச்சு ஸ்லைடு போட்டேன், சப்பையா ஆயிருச்சு. இன்னும் ரெண்டு குப்பியில இருக்கு. 100 மடங்குலதான் பாத்தேன். வாய் உள்ள அடங்கித்தான் இருக்கு. பாதம் ஒரே கணு.

காட்பாடி_லென்ஸ் · 8.30

இப்போது விஷயம் பிடிபடுகிறது. டிப்லூராவேதான். சிக்கல் நீங்கள் எண்ணியதில் இல்லை, எண்ணிய பொருளில் இருக்கிறது.

கேம்போடீடே குடும்பத்தில் வயிற்றின் 1ஆம் கண்டத்தின் அடித்தட்டில் ஒரு ஜோடி உறுப்பு உண்டு. அது ஸ்டைலஸ் இல்லை. குட்டையான, தடித்த, முனை மழுங்கிய துருத்தல். முனையில் சுரப்பி மயிர்கள் கொத்தாக இருக்கும், ஆணில் கூடுதலாக. 100 மடங்கில் அது ஸ்டைலஸ் போலவே தெரியும். 400-க்குப் போங்கள். உண்மையான ஸ்டைலஸ் ஒல்லியாக, கூராக முடியும், நுனியில் நீண்ட முள்மயிர் நிற்கும். 2ஆம் கண்டத்தையும் 1ஆம் கண்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். 1-ல் இருப்பது மழுங்கல் என்றால் உங்கள் கணக்கு "2 முதல் 7 வரை". அந்த வழி நேராகக் கேம்போடீடேயில் முடியும்.

வால் இல்லாமலே உறுதி செய்ய இன்னொரு சோதனை, சுவாசத் துளை. கேம்போடீடேவுக்கு மார்பில் மட்டும் மூன்று ஜோடி, வயிற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஜபிஜிடே, புரோஜபிஜிடே குடும்பங்களுக்கு வயிற்றின் ஓரத்திலும் துளை வரிசை உண்டு. ஜபிஜிடே என்றால் வாலே இடுக்கியாக இருக்கும். அது உடைந்து போயிருந்தாலும், இடுக்கியை இயக்கும் 10ஆம் கண்டம் பழுப்பேறி, கெட்டியாக, மற்றதைவிடப் பெரிதாக நிற்கும். உங்களுடையது கடைசி வரை வெளுத்திருக்கிறதா?

ஸ்லைடு சப்பையானதற்குக் காரணம் கே.ஓ.ஹெச். இதன் தோல் மிக மெல்லியது. கொதி காரத்தில் தசை கரைந்ததும் கூடு தானாக அமுங்கிவிடும். வால் உடைந்ததற்குக் காரணம் 100 சதவீத ஆல்கஹால். டி.என்.ஏ-வுக்கு அது நல்லது, ஆனால் உடம்பு மொறுமொறுப்பாகி, கொம்பும் வாலும் தொட்டால் கழன்றுவிடும். உருவம் பார்க்க 70 முதல் 75 சதவீதம் போதும்.

மீதி இரண்டில் ஒன்றைத் தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். இன்னொன்றை 90, 70, 50, 30 சதவீத ஆல்கஹால் என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த நீருக்குக் கொண்டு வாருங்கள். பிறகு லாக்டிக் ஆசிட், 45 டிகிரி சூடு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஊசியால் தூக்காதீர்கள், ஈரத் தூரிகை நுனியில் ஒட்டி எடுங்கள். குழி ஸ்லைடில் அதே லாக்டிக் ஆசிட்டில் வயிறு மேலே பார்க்கப் படுக்க வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். நுண்ணோக்கியில் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதி இல்லாவிட்டால், கண்டென்சரின் டயாஃப்ரத்தை (வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் திரையை)ப் பாதிக்கு மேல் மூடுங்கள். வெளிச்சம் குறைந்தால்தான் நிறமில்லாத மயிர் கண்ணுக்குத் தெரியும்.

பாலாற்று_வண்டு · 8.52

வண்டு யூகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதல் கண்டத்து உறுப்பு விஷயம் அருமை. கீ-யில் அதை ஒரு வரி எழுதியிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

தகடு_37 · 9.10

எல்லாரும் "பூச்சி, பூச்சி" என்றே எழுதுகிறீர்கள். டிப்லூரா பூச்சி வகுப்பில் இல்லை. ஆறுகாலிகளில் தனிக்கிளை. பூச்சிக்கு உணர்கொம்பின் முதல் கணுவுக்குள்தான் தசை ஓடும். இதற்கு நுனிப்பக்கச் சவுக்குப் பகுதியிலும் கணுவுக்குக் கணு தசை. ரெக்கார்டில் பூச்சி என்று எழுதினால் மதிப்பெண் குறைக்க வேண்டியதுதான்.

ஆம்பூர்_மண்வளம் · 9.33

தமிழில் பூச்சி என்பது வகுப்பின் பெயர் இல்லையே. எட்டுக்கால் பூச்சி என்று சிலந்தியைச் சொல்கிறோம். அதைத் தப்பு என்பீர்களா? வகைப்பாட்டு வரியில் "டிப்லூரா" என்று எழுதிவிட்டு, விளக்கத்தில் பூச்சி என்று எழுதினால் ஒரு குடியும் முழுகாது. அந்தத் தனிக்கிளைக் கதையும் முடிந்தபாடில்லை. டிப்லூரா, துள்ளுவாலி, புரோட்டூரா என்ற மூன்று ஆறுகாலி வகைகளையும் வாய் உள்ளடங்கியவை என்று ஒரே குழுவாக வைத்திருந்தார்கள். 2014-ல் 1,478 மரபணுக்களை ஒப்பிட்டு வந்த ஆய்வில் டிப்லூரா அந்தக் குழுவை விட்டு விலகி, பூச்சிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

தகடு_37 · 9.47

பக்கத்தில் உட்கார்ந்தது என்றால் உள்ளே நுழைந்தது என்று அர்த்தமில்லை. கிளை பிரியும் அந்த இடத்துக்கு அந்த ஆய்விலேயே ஆதரவு பலமாக இல்லை. கலைச்சொல் தளர்ந்தால் சிந்தனையும் தளரும். "ஆறுகாலி" என்று நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

ஆம்பூர்_மண்வளம் · 9.55

ஆறுகாலி நல்ல சொல்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். மதிப்பெண் குறைப்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏலகிரி_ஈரமண் · 11.20

குகை இனமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நம் வட ஆற்காட்டு மலைகள் சார்னோக்கைட், நைஸ் என்ற கெட்டிப் பாறைகள். சுண்ணாம்புப் பாறை இல்லாததால் நீர் அரித்து உருவான நீண்ட குகை இங்கே கிடையாது. பாறைகள் சாய்ந்து உண்டான இடுக்கில் 20 அடி உள்ளே என்றால், மண்ணில் வாழ்கிறது ஈரத்தைத் தேடி உள்ளே வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வேலூர் வெயிலில் மேல்மண் காய்ந்தால் இவை கீழே இறங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் அதே குகைக்கு வெளியே இலைக்குப்பைக்கு அடியில் கல்லைப் புரட்டிப் பாருங்கள். அங்கும் இதுவே கிடைத்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

உண்மையான குகைவாசியை அளவு காட்டிக்கொடுக்கும். கொம்பும் வாலும் உடம்பை மிஞ்சி நீளும், கொம்பில் கணுக்கள் கூடும், கால் ஒல்லியாகி நீளும், நகம் பெரிதாகும். அமெரிக்காவின் மாமத் குகையிலிருந்து பூச்சியியலாளர் பேக்கார்டு 1871-ல் விவரித்த இனம், இப்போது லிட்டோகேம்பா குக்கியை, அந்த வரிசையில் பழையது.

ஆனால் கணு எண்ணும்போது ஏமாந்துவிடாதீர்கள். இவை வளர்ந்த பிறகும் தோலுரிக்கும், உடைந்த கொம்பு மறுபடி முளைக்கும். முளைத்த கொம்பில் கணு குறைவு. இரண்டு பக்கமும் எண்ணி, கூடுதலானதை எழுதுங்கள். கடைசிக் கணுவின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு மோப்ப உறுப்பு பதிந்திருக்கும். அது இல்லையென்றால் கொம்பு பாதியில் உடைந்தது, அந்த எண்ணிக்கை செல்லாது. குகை இனங்களில் அந்தக் கிண்ணத்துக்குள் இருக்கும் உணரிகளும் பெருகிச் சிக்கலாகும். அதையும் வரைந்து வையுங்கள்.

இன்னொன்று, முதுகில் செதில் இருக்கிறதா? நம் வெப்ப மண்டல மண்ணில் பரவலாகக் கிடைப்பது லெபிடோகேம்பா. செதில்தான் அதன் அடையாளம். குப்பி குலுங்கினாலே செதில் உதிர்ந்துவிடும், சுட்ட ஸ்லைடில் தேடிப் பயனில்லை. குப்பியின் அடியில் படிந்ததை ஒரு சொட்டு எடுத்து 400-ல் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். அந்த இடுக்கில் இன்னும் எடுக்காதீர்கள், மூன்று போதும். புரட்டிய கல்லைப் பழையபடி அதே பக்கம் கவிழ்த்து வையுங்கள், அடியில் உள்ள ஈரம்தான் அவற்றுக்கு உயிர். வள்ளிமலை, ஆர்மாமலை சமணர் குகைகளில் இதைச் செய்யவே கூடாது. அங்கே தரையே தொல்லியல் சான்று.

அணைக்கட்டு_மூன்றாமாண்டு · வியாழன் இரவு 10.48

400-ல பாத்தேன். 1ஆம் கண்டத்துல இருக்கிறது மழுங்கலா இருக்கு, முனையில நீள மயிர் இல்ல. 2-ல கூரா இருக்கு. வயித்துல துளை இல்ல. குப்பி அடியில செதில் நெறய இருக்கு. கேம்போடீடே, லெபிடோகேம்பான்னு எழுதிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

ஏலகிரி_ஈரமண் · 11.06

நல்லது. அந்தச் செதில் இதே உடம்பில் இருந்து உதிர்ந்ததுதானா? அதே குப்பியில் துள்ளுவாலி ஏதாவது சேர்த்துப் போட்டிருந்தீர்களா? துள்ளுவாலிக்கும் செதில் உண்டு. இரண்டாவது உருப்படியின் முதுகுத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் செதிலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காட்பாடி_லென்ஸ் · வெள்ளி காலை 6.20

கொம்பில் எத்தனை கணு வந்தது, கிண்ணம் இருந்ததா? பேரினத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுக் குடும்பத்தை மட்டும் உறுதியாக எழுதினாலும் ரெக்கார்டுக்குப் போதும்.